மடுல்சீமை மலையிலிருந்து ரொக்கெட் தெரிந்த இரவு: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

2018 செப்டெம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. இரவு பத்து மணி தாண்டியிருந்தது. இலங்கை மலையகத்தில், மடுல்சீமையில் எங்கள் தோட்டத்துக்கு மேலே உள்ள மானாப்புல் மேட்டில் தம்பியும் நானும் நட்சத்திரம் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, வடக்கே அடிவானத்தில் செம்மஞ்சளாக ஒரு வெளிச்சம் ஏறியது. இந்தியாவின் ஸ்ரீ ஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து புறப்பட்ட பிஎஸ்எல்வி சி-42 ரொக்கெட் அது என்று மறுநாள்தான் தெரிந்தது. நான் கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று படம் எடுப்பவன், அதனால் போகிற இடமெல்லாம் யாராவது அந்தப் படத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சரியாக என்னதான் பார்த்தீர்கள்?

முதலில் கண்ணில் பட்டது ஒரு புள்ளி. வடக்கே, பிபிலைப் பக்கத்துச் சமவெளிக்கும் அப்பால், வானமும் தரையும் சேர்கிற இடத்தில் செம்மஞ்சள் நிறத்தில் இருந்தது. மானாப்புல்லுக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள் என்றுதான் தம்பி சொன்னான், அந்த மாதத்தில் ஊவாப் பக்கம் அது வழக்கம்தான். ஆனால் தீ ஒரே இடத்தில் நின்று எரியும், இது மெதுவாக மேலே ஏறியது. ஏறிக்கொண்டே கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்ந்தது. பிறகு திடீரென்று மங்கி, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்னதாகிவிட்டது.

முடிந்துவிட்டது என்று நினைத்து மூச்சு விட்டோம். ஒன்றிரண்டு நிமிடம் போயிருக்கும், வடகிழக்கில், காசியோப்பியா என்கிற அந்த டபிள்யூ வடிவ நட்சத்திரக் கூட்டத்துக்குக் கிட்டே மறுபடி பளிச்சென்று எரிந்தது. இந்தத் தடவை வெள்ளை. முதலில் பார்த்ததைவிட உயரத்தில் இருந்தது, வேகமும் அதிகம், பின்னால் விசிறி விரித்த மாதிரி மங்கலான ஒரு ஒளி. கிழக்கு வானத்தைக் கடந்து தென்கிழக்குப் பக்கம் போகிறபோது விளக்கை அணைத்த மாதிரி நின்றுவிட்டது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை நான்கைந்து நிமிடம் இருக்கும்.

பிறகு படித்துப் பார்த்தபோதுதான் ஏன் அப்படி எரிந்து மங்கி மறுபடி எரிந்தது என்று புரிந்தது. பிஎஸ்எல்வியில் நான்கு அடுக்கு உண்டு. முதலாவது திட எரிபொருள், இரண்டு நிமிடத்துக்குள் எரிந்து முடிந்துவிடும். இரண்டாவது திரவ எரிபொருள், அதன் சுவாலை தூரத்திலிருந்து பார்க்க மங்கல். மூன்றாவது மறுபடியும் திட எரிபொருள், அது பற்றுவது புறப்பட்டு நாலு நிமிடத்துக்கு மேல் ஆன பிறகு, அப்போது ரொக்கெட் இருநூறு கிலோமீற்றருக்கும் மேலே இருக்கும். நாம் இரண்டாவது தடவை பார்த்த வெள்ளை வெளிச்சம் இந்த மூன்றாவது அடுக்குதான். திட எரிபொருளில் அலுமினியத் தூள் கலந்திருக்கும், அது எரிகிறபோது வருகிற பிரகாசம் திரவ எரிபொருளில் வராது. காற்றில்லாத உயரத்தில் புகை எல்லாப் பக்கமும் விரிந்து போவதால்தான் அந்த விசிறி வடிவம்.

740 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பது எப்படித் தெரியும்? நம்ப முடியவில்லையே.

நியாயமான கேள்வி. ஸ்ரீ ஹரிகோட்டா ஆந்திராவில், சென்னைக்கு வடக்கே இருக்கிறது. மடுல்சீமையிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் 740, 750 கிலோமீற்றர் வரும். ஏவுதளமோ, தரையிலிருந்து கிளம்புகிற அந்தக் காட்சியோ நமக்குத் தெரியவே தெரியாது, பூமியின் வளைவு மறைத்துவிடும். ஆனால் ரொக்கெட் ஏற ஏற அந்த வளைவுக்கு மேலே வந்துவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. கடற்கரையில் நிற்கிறவருக்கு 740 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள பொருள் தெரிய வேண்டுமென்றால் அது ஏறக்குறைய 43 கிலோமீற்றர் உயரத்துக்கு வந்திருக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1200 மீற்றர் உயரத்தில் நிற்கிற நமக்கு அது 30 கிலோமீற்றருக்கு வந்தாலே போதும். மலை தருகிற சலுகை அந்த 13 கிலோமீற்றர்தான், ஆனால் முதல் அடுக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறபோதே நம் கண்ணில் படுவதற்கு அது பெரிய உதவி.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ரொக்கெட் அங்கேயே நிற்பதில்லை, நம்மை நோக்கித்தான் வருகிறது. மூன்றாவது அடுக்கு எரிகிறபோது அது மட்டக்களப்புக் கரைக்குக் கிழக்கே வங்காள விரிகுடாவுக்கு மேலே பல நூறு கிலோமீற்றர் உயரத்தில் போகும், ஆகவே அந்த நேரத்தில் தலையை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இலங்கை ஸ்ரீ ஹரிகோட்டாவுக்கு நேர் தெற்கே இருக்கிறது. அப்படியானால் ஏன் நம் தலைக்கு மேலே வரவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பத்தாம் வகுப்புப் பிள்ளை. தேசப்படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

துருவங்களுக்கு மேலாகச் சுற்றுகிற செய்மதியை அனுப்ப வேண்டுமென்றால் ரொக்கெட்டைத் தெற்கே ஏவுவதுதான் சுருக்கு வழி. ஆனால் ஸ்ரீ ஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே கோடு போட்டால் அது நம் தீவுக்கு மேலே வந்துவிடும். எரிந்து முடிந்த அடுக்குகள் கழன்று விழும், ஏதாவது பிழைத்தால் முழு ரொக்கெட்டுமே விழலாம், கீழே ஊர்களும் சனமும். அதனால் பிஎஸ்எல்வியை முதலில் தென்கிழக்கே கடலுக்கு மேலே அனுப்பி, இலங்கையைத் தவிர்த்த பிறகு நடுவானில் தெற்கே திருப்புகிறார்கள். நாயின் பின்னங்கால் மாதிரி வளைந்த பாதை. இப்படி வளைவதற்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், அந்த அளவுக்குச் சுமக்கக்கூடிய பாரம் குறையும். நமக்காக அது சுற்றிப் போகிறது, சுற்றிப் போவதால்தான் நம் கிழக்கு மலைகளுக்கு அது இவ்வளவு அழகாகப் பக்கவாட்டில் தெரிகிறது.

சத்தம் கேட்டதா?

இல்லை. தவளைச் சத்தமும் காற்றும்தான் கேட்டது.

விமானமாக இருக்கலாமே? செய்மதி, எரிநட்சத்திரம்?

அன்றைக்கு லயத்து வாசலில் நின்று பார்த்த பெரியப்பா எரிநட்சத்திரம் என்றார். எரிநட்சத்திரம் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) இருந்த பிள்ளைகளையெல்லாம் பலாமரத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதனால் பாவம், அந்தப் பிள்ளைகள் இரண்டாவது வெளிச்சத்தைத் தவறவிட்டுவிட்டார்கள்.

எரிநட்சத்திரம் ஒன்றிரண்டு செக்கனில் முடிந்துவிடும். பெரிய தீக்கோளம் என்றாலும் பத்துச் செக்கன் போவதே அபூர்வம். விமானத்தில் சிவப்பு, பச்சை விளக்கும் விட்டுவிட்டு எரிகிற வெள்ளை விளக்கும் இருக்கும், ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து எடுக்கிற நீண்ட எக்ஸ்போஷரில் அது புள்ளி புள்ளியாக விழும். எங்கள் படத்தில் கோடு ஒரே சீராக இருக்கிறது.

செய்மதி விஷயம்தான் பலருக்குத் தெரியாது. செய்மதிக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, அதில் சூரிய ஒளி பட்டுத்தான் நமக்குத் தெரிகிறது. 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிற சர்வதேச விண்வெளி நிலையமும் அப்படித்தான். நம்முடைய மலைநாட்டில் சூரியன் மறைந்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள்ளும் விடியற்காலையில் அதே அளவு நேரத்திலும்தான் அந்த உயரத்தில் வெயில் இருக்கும். இரவு 10 மணிக்கு அது பூமியின் நிழலுக்குள் இருக்கும். ஆகவே நடு இரவில், சிமிட்டாமல், கீழிருந்து மேலே ஏறி, நிமிடக் கணக்கில் எரிகிற ஒன்றைப் பார்த்தால் அது தானாக எரிகிற ஒன்றுதான். ஒரே வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள் போனால் அது ஸ்டார்லிங்க் செய்மதிகள், அதுவும் மாலையிலும் விடியலிலும்தான். வெசாக் நேரத்தில் பறக்க விடுகிற விளக்குக் கூடுகளும் செம்மஞ்சளாகத்தான் தெரியும், ஆனால் அவை காற்று போகிற பக்கம் போகும்.

என்ன கெமரா, என்ன செட்டிங்?

கேனன் 1300டி, அதோடு வருகிற 18-55 லென்ஸ், பழைய ட்ரைபொட் ஒன்று. இதைவிட விலை கூடிய எதுவும் என்னிடம் இருக்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

நட்சத்திரம் எடுக்க வைத்திருந்த செட்டிங்கிலேயே அதையும் எடுத்தேன்: 18 மில்லிமீற்றர், லென்ஸ் திறப்பு எஃப் 3.5, ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 800, ஷட்டர் 25 செக்கன். நட்சத்திரம் கோடாக இழுபடாமல் இருக்க வேண்டுமென்றால் 500ஐ லென்ஸின் மில்லிமீற்றரால் வகுக்கச் சொல்வார்கள். சின்ன சென்சார் உள்ள கெமராவுக்கு அந்த மில்லிமீற்றரை 1.6 ஆல் பெருக்கிவிட்டு வகுக்க வேண்டும். 18க்கு 17 செக்கன் வரும். நான் 25 வைத்திருந்ததால் நட்சத்திரங்கள் கொஞ்சம் நீண்டிருக்கின்றன, பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

இப்போது நடந்த தவறைச் சொல்கிறேன், இது எல்லோருக்கும் பயன்படும். கெமராவில் 'நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு' என்று ஒன்று இருக்கிறது. இரைச்சல் என்பது இருட்டுப் படத்தில் விழுகிற பொடிப் புள்ளிகள். அதைப் போட்டு வைத்தால், 25 செக்கன் படம் எடுத்த பிறகு கெமரா ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 25 செக்கன் வெறும் கறுப்புப் படம் ஒன்றை எடுத்து, அதை வைத்து இரைச்சலைக் கழிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் என்ன அழுத்தினாலும் கெமரா அசையாது. முதல் வெளிச்சம் ஏறத் தொடங்கிய நேரத்தில் நான் ஷட்டரை அழுத்தினேன், படம் விழுந்தது. உடனே அடுத்ததை அழுத்தினேன், கெமரா அப்படியே நின்றது. செம்மஞ்சள் வெளிச்சம் வளைந்து ஏறிய அந்த அழகான 25 செக்கன் என்னிடம் இல்லை. இன்று வரை அதை நினைத்தால் மனம் கேட்கவில்லை. வெளிச்சம் மங்கியிருந்த அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் தம்பி டோர்ச்சைப் பிடிக்க நான் மெனுவுக்குள் போய் அதை நிறுத்தினேன், அதனால்தான் மூன்றாவது அடுக்கின் வெள்ளைக் கோடு மூன்று படமாகத் தொடர்ச்சியாகக் கிடைத்தது.

தெரிந்துகொண்டே போய் எடுப்பதாக இருந்தால் நான் இப்படிச் செய்வேன். இரைச்சல் குறைப்பை நிறுத்திவிட வேண்டும். கெமரா எதையும் மாற்றாமல் சேமிக்கிற ரோ கோப்பாக எடுக்க வேண்டும், ஜேபெக் மட்டும் போதாது. லென்ஸில் உள்ள அதிர்வு தடுப்பையும் அணைக்க வேண்டும், ட்ரைபொட்டில் அது இருந்தால் படம் கலங்கும். ஃபோகஸை ஓட்டோவில் விடவே கூடாது, இருட்டில் அது அங்குமிங்கும் தேடிக்கொண்டே இருக்கும். திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சின்னப் புள்ளியாகும் வரை கையால் திருப்பி வையுங்கள், பிறகு அந்த வளையத்தைத் தொடாதீர்கள். ரிமோட் ஷட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இரண்டு செக்கன் டைமர் போதும். தூரத்து ஊர் வெளிச்சம் இல்லாத இடமென்றால் ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 5.6 என்று குறைத்து இரண்டு மூன்று நிமிடம் ஒரே படமாக எடுக்கலாம். முழுப் பாதையும் ஒரே கோடாக விழும். நட்சத்திரம் இழுபடும், பரவாயில்லை.

கெமராவைச் சரித்துப் பிடிப்பதை விட்டு அகலவாட்டில் வையுங்கள். ரொக்கெட் மேலே போகும் என்று எல்லோரும் நெடுவாட்டில் வைக்கிறார்கள், ஆனால் நம் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது மேலே போவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் போகிறது.

போனில் எடுக்க முடியுமா?

இப்போது வருகிற போன்களில் முடியும். கையில் பிடித்து எடுத்தால் கிடைக்காது, அது மட்டும் உறுதி. கல்லில் சாய்த்து வையுங்கள், ட்ரைபொட்டில் மாட்டுங்கள். 'ப்ரோ' அல்லது 'மெனுவல்' என்று இருந்தால் 10 முதல் 30 செக்கன், ஐ.எஸ்.ஓ. 400 அல்லது 800. இரவு முறையை மட்டும் நம்ப வேண்டாம், அது பல படங்களை அடுக்கிச் சேர்க்கிறபோது அசைகிற வெளிச்சத்தைத் துண்டு துண்டாக்கிவிடும், சில போன்கள் அதைக் குறை என்று நினைத்து அழித்தேவிடும். வீடியோ எடுப்பதென்றால் ஸூம் பண்ணாதீர்கள்.

அது அந்த ரொக்கெட்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

நேரமும் திசையும். மறுநாள் காலையில் டவுனுக்குப் போகிற பஸ்ஸில் போனில் செய்தி பார்த்தேன். இரவு 10.08க்கு பிஎஸ்எல்வி சி-42 இரண்டு பிரித்தானியச் செய்மதிகளோடு புறப்பட்டது என்று இருந்தது. இரண்டும் சேர்த்து 889 கிலோ, 583 கிலோமீற்றர் உயரத்துக்கு. பக்கவாட்டுப் பூஸ்டர்கள் இல்லாமல் நடு உடல் மட்டும் போன பயணம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரம் ஒன்றே, இரண்டுமே கிரீனிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால், ஆகவே கூட்டிக் கழிக்கத் தேவையில்லை.

ஆனால் என் படத்தில் 10.17 என்று இருந்தது. நெஞ்சு திக்கென்றது. பிறகு கெமராவின் மணிக்கூட்டைப் போனோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஏழு நிமிடம் கூட ஓடியிருக்கிறது. கழித்தால் 10.10. புறப்பட்டு இரண்டு நிமிடத்துக்குள் முதல் வெளிச்சம் என்பது கணக்குக்குப் பொருந்துகிறது. அன்றிலிருந்து எந்த இரவு போனாலும் முதல் படமாகப் போன் திரையில் உள்ள நேரத்தைச் செக்கனோடு ஒரு படம் எடுத்துவிடுவேன். கெமரா எவ்வளவு பிழையாக ஓடினாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

திசைக்குச் சாட்சி நட்சத்திரங்கள்தான். அன்றைக்கு மேற்கே அரை நிலா, கிழக்கே கார்த்திகைக் கூட்டம் அப்போதுதான் அடிவானத்தைத் தொட்டு ஏறிக்கொண்டிருந்தது, வடகிழக்கில் காசியோப்பியா. ஸ்டெல்லேரியம் என்ற இலவசச் செயலியில் ஊரையும் நேரத்தையும் கொடுத்தால் இதே வானம் வரும், படத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் எந்தப் பாகையில் ஏறியது, எந்தப் பாகையில் மறைந்தது என்று சொல்லிவிடலாம்.

மலையகத்தில் எங்கே நின்றால் தெரியும்?

வடக்கும் கிழக்கும் திறந்திருக்க வேண்டும். அதனால் ஊவாவின் கிழக்கு விளிம்பு முதலிடம்: மடுல்சீமை, லுணுகலை, பசறைக்கு மேலே உள்ள தோட்டங்கள், நமுனுகுலை மலையின் கிழக்குச் சரிவு. மடுல்சீமையில் குட்டி உலக முடிவு என்று சொல்கிற செங்குத்துப் பாறை விளிம்பு இருக்கிறதே, அங்கே கீழ்வானம் முழுதும் கண்ணுக்கு முன்னால். ராகலை, உடப்புசல்லாவைப் பக்கமும் கிழக்கு திறந்த மேடுகள் உண்டு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் பக்கமும் நல்லதே.

அப்புத்தளையும் லிப்டன் சீட்டும் பெயர் பெற்ற இடங்கள், ஆனால் அப்புத்தளை விரிந்து பார்ப்பது தெற்கை. எல்ல இடைவெளியும் அப்படித்தான். அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கிழக்கே மலைகள் மறைத்து நிற்கின்றன, கீழே எரிகிற முதல் அடுக்கு தெரியாது. உயரத்தில் வருகிற மூன்றாவது அடுக்கு மலைக்கு மேலே தலைகாட்டலாம்.

எந்த மாதம் நல்லது?

கிழக்குச் சரிவுக்கு ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. தென்மேல் பருவமழை அட்டன் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, நமக்கு வறண்ட காற்றாகத்தான் வரும். ஊவாக் கொழுந்துக்குத் தனி மணம் வருகிற காலமும் அதுவே. பகலெல்லாம் காற்று அடித்தாலும் இரவு வானம் கழுவி வைத்த மாதிரி இருக்கும். புல் தீயின் புகை மட்டும் சில நாள் கெடுத்துவிடும். நவம்பர், டிசம்பர் நமக்கு மழைக்காலம்.

மறுபடி பார்த்தீர்களா?

முயன்றேன். 2019 ஜனவரி 24 இரவு 11.37க்கு பிஎஸ்எல்வி சி-44 போனது, மேட்டில் பனிமூட்டம், கை நீட்டினால் கை தெரியவில்லை. 2022 ஒக்டோபர் 23 நள்ளிரவு தாண்டி 12.07க்கு எல்விஎம்-3 என்ற பெரிய ரொக்கெட் 36 வன்வெப் இணையச் செய்மதிகளோடு தெற்கே போனது, தீபாவளிக்கு முதல் நாள். 640 தொன் எடை உள்ளது, தெரிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! மழை. 2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு சி-60, விண்வெளியில் இரண்டு கலங்களை இணைக்கிற ஸ்பேடெக்ஸ் பயணம். முதலில் 9.58 என்றார்கள், பிறகு இரண்டு நிமிடம் தள்ளிப் போட்டார்கள். முகில் இடைவெளியில் நாலைந்து செக்கன் ஒரு வெளிச்சம் ஓடியது, படம் இல்லை, ஆனால் அம்மா பார்த்தார். 2018இல் அவர் தூங்கியிருந்தார், அதற்காக ஆறு வருடம் என்னிடம் கோபித்துக்கொண்டிருந்தார்.

நேரம் அறிய இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவின் அறிவிப்பைப் பாருங்கள், கடைசி நாளிலும் மாறும். நேரலை சில செக்கன் பிந்தித்தான் வரும். அதைவிட, குறித்த நேரத்தில் ஷட்டரைத் திறந்துவிட்டுக் காத்திருப்பதே மேல்.

சிலருடைய படத்தில் ஜெல்லி மீன் மாதிரி பெரிய வெள்ளை மேகம் இருக்கிறதே, உங்கள் படத்தில் ஏன் இல்லை?

அது விடியலுக்குக் கொஞ்சம் முன்னாலும் மாலை மங்குகிறபோதும் மட்டும் கிடைக்கிற காட்சி. நமக்கு இருட்டு, ஆனால் நூறு கிலோமீற்றர் உயரத்தில் வெயில். ரொக்கெட்டின் புகை அந்த வெயிலில் பட்டு ஒளிரும். இரவு பத்து மணிக்கு மேலேயும் இருட்டுதான், சுவாலை மட்டுமே தெரியும். 2022 பெப்ரவரி 14 காலை 5.59க்குப் புறப்பட்ட சி-52 மாதிரி நேரங்களைக் குறித்து வையுங்கள், பெப்ரவரியில் நமக்குச் சூரியன் உதிக்க அதற்குப் பிறகும் ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும்.

இரவில் அந்த மேட்டுக்குப் போவது பயமில்லையா?

தனியாகப் போகாதீர்கள். சிறுத்தை நடமாடுகிற மலைகள் இவை, காட்டுப்பன்றியும் உண்டு. தோட்டத்து வாச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், இரவில் மலையில் டோர்ச் வெளிச்சம் தெரிந்தால் அவர்களுக்கும் சந்தேகம் வரும். பாறை விளிம்பில் ட்ரைபொட் வைக்கவே வேண்டாம், இருட்டில் பின்னால் ஒரு அடி வைக்கிறபோது எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. ஈரமான நாளில் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும்.

கெமராவுக்கும் குளிர் பிடிக்கும். பற்றரி சீக்கிரம் இறங்கும், இன்னொன்றைச் சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். லென்ஸில் பனி படிகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அடுப்படிச் சூட்டுக்குக் கெமராவைக் கொண்டுபோகாமல், வெளியிலேயே பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள், ஈரம் பையின் மேலே படியும், கெமராவுக்குள் போகாது.

விண்ணிலிருந்து எதுவும் நம் மேலே விழுந்ததுண்டா?

2015 நவம்பர் 13 பகல், டபிள்யூடி1190எஃப் என்று பெயர் வைத்த ஒரு விண்வெளிக் குப்பை நம் தென்கரைக்கு அப்பால் ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தூரத்தில் கடலுக்கு மேலே எரிந்து போனது. வருகிறது என்று முன்கூட்டியே கணித்திருந்ததால் விமானத்தில் போய்ப் படம் பிடித்தார்கள். யாருக்கும் சேதமில்லை.

நம் நாட்டுச் செய்மதி ஏதும் இருந்ததா?

ராவணா-1. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடிய சின்னப் பெட்டி. 2019 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து போய், ஜூன் 17 அன்று விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது.

அட்டன், மஸ்கெலியாப் பக்கம் இருக்கிற எங்களுக்கு வாய்ப்பே இல்லையா?

இருக்கிறது, வரப்போகிறது. தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குக் கிட்டே குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோ இரண்டாவது ஏவுதளம் கட்டுகிறது, 2024 பெப்ரவரி 28 அன்று அடிக்கல் வைத்தார்கள். எஸ்எஸ்எல்வி என்ற சின்ன ரொக்கெட்டுகளுக்கானது. அங்கிருந்து தெற்கே முழுக்கக் கடல், நம் தீவு கிழக்கே ஒதுங்கி இருக்கிறது, வளைந்து போக வேண்டிய தேவை இல்லை. எஸ்எஸ்எல்வியின் மூன்று பெரிய அடுக்குகளும் திட எரிபொருள், ஆகவே பிரகாசத்துக்குக் குறைவிருக்காது.

சிவனொளிபாத மலையிலிருந்து அந்த இடத்துக்கு 320 கிலோமீற்றர் அளவுதான், எங்கள் 740இல் பாதிக்கும் குறைவு. மலை உச்சி 2243 மீற்றர், மேற்கே தடுப்பதற்கு எதுவும் இல்லை. டிசம்பரிலிருந்து மே வரை யாத்திரைக் காலம், விடிய முன்னே படியேறி உச்சியில் கிழக்கைப் பார்த்துச் சூரியனுக்காகக் காத்திருக்கிற ஆயிரக்கணக்கான சனத்துக்குப் பின்னால், மேற்கே அடிவானத்திலிருந்து ஒரு ரொக்கெட் ஏறுகிறதை நினைத்துப் பாருங்கள். மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கம் உள்ளவர்கள் மேற்கும் வடமேற்கும் திறந்த ஒரு மேட்டை இப்போதே பார்த்து வையுங்கள். பகலில் போய் போனில் திசைகாட்டியைத் திறந்து, 300 பாகைக்கு நேரே எந்த மரம், எந்தப் பாறை நிற்கிறது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கெமராவில் இரைச்சல் குறைப்பை அணைத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள்.